சட்ட மேலவைக்கு உறுப்பினர்கள் வரும் வழி

(மும்பை மாதுங்காவில் தமிழ் மாணவர்களிடையே நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



இன்றைய உரைக்குப் பொருள் தந்தவர் உங்களைப் போன்ற ஒரு மாணவர்தாம். தாராவியில் தொண்ணூறடிச் சாலைக்கு அருகே வசிக்கும் அவர் மத்திய அரசுப் பணித் தேர்வுக்குப் படித்து வருகிறார். சில வாரங்களுக்கு முன் செம்பூரில் என் இல்லத்துக்கு வந்திருந்தபோது, பயிற்சி வினாத்தாள் ஒன்றைக் கையில் வைத்திருந்தார். நமீபியா நாட்டின் மேலவை எவ்வாறு அமைக்கப்படுகிறது என்பது அதில் ஒரு வினா. அவர் தடையின்றிப் பதில் கூறினார். அந்நாட்டில் 14 வட்டாரங்கள் உள்ளன. ஒவ்வொரு வட்டார மன்றமும் தன் உறுப்பினர்களுள் மூவரைத் தேர்ந்தெடுத்து அனுப்புகிறது. ஆக மேலவையில் 42 பேர். பதில் சரியே. உடனே நான், "மகாராஷ்டிரச் சட்ட மேலவையில் மும்பைக்கு எத்தனை பிரதிநிதிகள்? அவர்களைத் தேர்ந்தெடுத்தவர் யார்?" என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. "நமக்கு அதில் வாக்கு இல்லை அல்லவா, ஐயா?" என்று திருப்பிக் கேட்டார். அவர் பட்டம் பெற்று ஐந்தாண்டுகள் ஆகின்றன. அவருக்கு வாக்கு உண்டு. உண்டு என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை, அவ்வளவே.

ஆகவே நாரிமன் முனையில் நிற்கும் விதான் பவனில், கீழவைக்கு அருகிலேயே கூடும் அந்த மற்றோர் அவைக்கு மனிதர்கள் எவ்வழியாக வந்து சேருகிறார்கள் என்பதை இன்று பார்ப்போம்.

இந்தியாவில் இப்பொழுது ஆறு மாநிலங்களில் மட்டுமே சட்ட மேலவை இருக்கிறது. ஆந்திரப் பிரதேசம், பீகார், கர்நாடகம், மகாராஷ்டிரம், தெலங்கானா, உத்தரப் பிரதேசம் என்பவை அவை. அரசியல் நிர்ணய சபையில் இதைப் பற்றி ஒருமித்த கருத்து உருவாகவில்லை. ஒவ்வொரு மாகாணத்தின் உறுப்பினர்களும் தனித்தனியே கூடித் தங்கள் மாகாணத்துக்கு இரண்டாவது அவை வேண்டுமா என்று முடிவு செய்தார்கள். பம்பாய், சென்னை ஆகிய இரு மாகாணங்களும் வேண்டும் என்றன. 1935ஆம் ஆண்டுச் சட்டப்படி 1937 முதல் இவ்விரு மாகாணங்களிலும் மேலவை இயங்கி வந்ததால் அப்பழக்கம் விட்டுப் போகவில்லை என்றும் கொள்ளலாம். ஆனால் பழைய மேலவைக்கு வாக்களிக்கச் சொத்தும் வரியும் அளவுகோல்களாக இருந்தன. புதிய அரசியலமைப்பு அதை விலக்கிவிட்டு வேறோர் ஏற்பாட்டைச் செய்தது. 171ஆம் பிரிவு அதுதான்.

அப்பிரிவின்படி மேலவையின் மொத்த இடங்கள் சட்டப் பேரவையின் இடங்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்படக் கூடாது. 40க்குக் குறையவும் கூடாது. முதலில் நான்கில் ஒரு பங்கு என்றிருந்த வரம்பு 1956ஆம் ஆண்டின் ஏழாவது திருத்தத்தால் உயர்த்தப்பட்டது. மகாராஷ்டிரப் பேரவையில் 288 பேர்; மேலவையில் 78 பேர். இந்த 78இல் 30 பேரைப் பேரவை உறுப்பினர்களும், 22 பேரை உள்ளாட்சி மன்ற உறுப்பினர்களும், 7 பேரைப் பட்டதாரிகளும், 7 பேரை ஆசிரியர்களும் தேர்ந்தெடுக்கின்றனர். எஞ்சிய 12 பேரை ஆளுநர் நியமிக்கிறார். அவை கலைக்கப்படுவதில்லை. உறுப்பினர் ஒருவரின் காலம் ஆறாண்டுகள். இரண்டாண்டுக்கு ஒருமுறை மூன்றில் ஒரு பகுதியினர் ஓய்வு பெறுவர். 30 வயது நிரம்பியவரே உறுப்பினராகலாம்.

இவ்வாறு ஐந்து வாயில்கள். உங்களுக்கு நேரே திறந்திருப்பது பட்டதாரிகளின் வாயில் என்பதால் அதிலிருந்து தொடங்குகிறேன்.

மும்பைப் பட்டதாரிகள் தொகுதி என்று ஒன்று உள்ளது. அதில் வாக்காளராக, இந்நகரில் வழக்கமாக வசிப்பவராகவும், இந்தியாவிலுள்ள ஏதேனும் ஒரு பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று மூன்றாண்டுகள் கடந்தவராகவும் இருக்க வேண்டும். பட்டம் மும்பைப் பல்கலைக்கழகத்தினுடையதாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. திருநெல்வேலியிலோ வேலூரிலோ படித்துவிட்டு இங்கு வேலைக்கு வந்தவருக்கும் இவ்வுரிமை உண்டு. இதை அழுத்திச் சொல்லக் காரணம், வெளிமாநிலப் பட்டம் செல்லாது என்று நம் மக்களிடையே ஒரு தவறான எண்ணம் நிலவுவதுதான். நானே பல ஆண்டுகள் அப்படி எண்ணியிருந்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

பேரவைத் தேர்தலுக்கான வாக்காளர் பட்டியலில் ஒருமுறை பெயர் ஏறிவிட்டால் அது தொடர்ந்து இருக்கும். பட்டதாரிகள் தொகுதியின் பட்டியல் அப்படிப்பட்டதன்று. ஒவ்வொரு தேர்தலுக்கும் அது முதலிலிருந்து புதிதாகத் தயாரிக்கப்படுகிறது. சென்ற முறை பெயர் இருந்தவரும் மறுபடி 18ஆம் எண் படிவத்தை நிரப்பி, பட்டச் சான்றின் சான்றொப்பம் பெற்ற நகலுடன் விண்ணப்பிக்க வேண்டும். என் முதல் விண்ணப்பம் சான்றொப்பத்தில் ஏதோ குறை என்று தள்ளப்பட்டது. அந்தச் செய்தியும் பட்டியல் வெளியான பிறகே எனக்குத் தெரிந்தது. இரண்டாம் முறை அசல் சான்றிதழையே எடுத்துக்கொண்டு, அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டு நேரில் போனேன். கோப்புகளோடு முப்பதாண்டுகள் வாழ்ந்த எனக்கே இந்த அலைச்சல் என்றால், நாள் கூலி இழந்து வரவேண்டிய இளைஞரின் நிலையை எண்ணிப் பாருங்கள்.

இதன் விளைவு எண்ணிக்கையிலே தெரிகிறது. 2024 ஜூன் 26ஆம் நாள் மும்பைப் பட்டதாரிகள் தொகுதியில் தேர்தல் நடந்தது. பட்டியலில் இருந்தவர்கள் சுமார் 1,20,000 பேர். அதே ஆண்டில் பேரவைத் தேர்தலுக்கு இந்நகரில் இருந்த வாக்காளர்களோ ஒரு கோடிக்கு மேல். கல்லூரிகள் நிறைந்த இந்நகரில் பட்டதாரிகளின் உண்மையான எண்ணிக்கை இத்துணைச் சிறியதாக இருக்க இயலாது. ஆக, பட்டியலில் தம் ஆதரவாளர்களைச் சேர்க்கும் உழைப்பை எந்த அமைப்பு முன்கூட்டியே செய்கிறதோ அதன் கை தேர்தலுக்கு முன்பே ஓங்கிவிடுகிறது. இந்தத் தேர்தலில் பிரசாரத்தைக் காட்டிலும் பதிவே பெரிது.

பட்டதாரிகள் தொகுதியில் நிற்பவர் பட்டதாரியாக இருக்க வேண்டுமா என்று நீங்கள் கேட்கலாம். வேண்டியதில்லை. இக்கேள்வியை உச்ச நீதிமன்றம் வரை கொண்டு சென்றது சென்னைதான். 1970இல் சென்னைப் பட்டதாரிகள் தொகுதியில் பட்டதாரி அல்லாத ஒருவர் வென்றார். அவருடைய தேர்தல் செல்லாது என்று உயர் நீதிமன்றம் கூறியது. 1972இல் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. அரசியலமைப்பு வாக்காளருக்குத் தகுதி விதித்திருக்கிறதே அன்றி வேட்பாளருக்கு அத்தகுதியை விதிக்கவில்லை. விதிக்காத ஒன்றை நீதிமன்றம் சேர்த்துப் படிக்க இயலாது என்பது தீர்ப்பின் சாரம். சட்டப்படி அது சரியே. ஆயினும் படித்தோரின் குரல் அவையில் ஒலிக்க வேண்டும் என்று ஏற்படுத்திய தொகுதிகள் பெரும்பாலும் கட்சிகளின் மற்றொரு களமாக மாறியதற்கு அங்கே ஒரு கதவு திறந்திருந்தது என்பதையும் மறுப்பதற்கில்லை.

ஆசிரியர் தொகுதிக்கும் ஏறக்குறைய இதே நடைமுறைதான். படிவத்தின் எண் 19. உயர்நிலைப் பள்ளிக்குக் குறையாத கல்வி நிலையங்களில், முந்தைய ஆறாண்டுகளுள் மொத்தம் மூன்றாண்டுகளாவது பணியாற்றியவரே வாக்காளராவார். "உயர்நிலைப் பள்ளிக்குக் குறையாத" என்ற இந்தச் சிறு தொடர் நம்மவரைத் தொடுகிறது. பிருகன்மும்பை மாநகராட்சி எட்டு மொழிகளில் பள்ளிகள் நடத்துகிறது. அவற்றுள் தமிழும் ஒன்று. அங்கே குழந்தைக்கு அகரம் கற்பிக்கும் தொடக்கப் பள்ளி ஆசிரியை இத்தொகுதியில் வாக்களிக்க முடியாது. அவர் பட்டதாரியாக இருந்தால் பட்டதாரிகள் தொகுதியில் சேரலாம், அவ்வளவே. உயர்நிலைப் பள்ளியில் கற்பிக்கும் பட்டதாரியோ இரண்டு தொகுதியிலும் வாக்களிக்கலாம். கும்பார்வாடாவில் சக்கரம் சுழற்றும் குயவருக்கும், தோல் பதனிட்டு வாழ்ந்த நம் முன்னோருக்கும், இன்று அங்கே தைப்பவருக்கும் இவ்விரண்டு வாயில்களிலும் இடமில்லை. வயது வந்த அனைவருக்கும் ஒரே மதிப்புள்ள ஒரு வாக்கு என்று கீழவைக்கு வகுத்த அதே அரசியலமைப்பு, மேலவைக்கு இப்படி வகுத்தது ஏன்? 1950இல் பட்டதாரிகள் மிகச் சிலரே. எழுத்தறிவே அரிதாக இருந்த நாட்டில் அறிவாளர் சிலரின் குரல் எண்ணிக்கையில் அமிழ்ந்துவிடக் கூடாது என்று கருதினார்கள். அக்காரணம் இன்று வலுவிழந்துவிட்டது என்பது என் சொந்தக் கருத்து. அயர்லாந்தின் மேலவையிலும் 60 இடங்களுள் 6 பல்கலைக்கழகப் பட்டதாரிகளுக்கு உரியவை. அவற்றில் வாக்களிக்கும் உரிமை சில பல்கலைக்கழகங்களோடு நின்றுவிட்டது ஏன் என்று அங்கும் வழக்கு எழுந்து, 2023இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தலையிட வேண்டியதாயிற்று.

இனி உள்ளாட்சி மன்றங்களின் வாயில். மும்பை உள்ளாட்சித் தொகுதிக்கு இரண்டு இடங்கள். மாநகராட்சி மாமன்றத்தில் மக்களால் தேர்ந்தெடுக்கப்படும் 227 உறுப்பினர்களே இத்தொகுதியின் வாக்காளர்களில் பெரும்பாலோர். தாராவிக் குடிமகன் தன் வட்டத்து மாமன்ற உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கிறான். அந்த உறுப்பினர் மேலவை உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கிறார். பட்டம் இல்லாதவரின் வாக்கும் இவ்வழியில் மேலவையைச் சென்றடைகிறது. நமீபியாவில் வட்டார மன்றத்தார் தம்முள் மூவரையே அனுப்புகின்றனர். இங்கோ நிற்பவர் மாமன்ற உறுப்பினராக இருக்க வேண்டியதில்லை. 2021இல் நடந்த தேர்தலில் இரண்டு இடங்களுக்கு இருவரே எஞ்சியதால் போட்டியின்றி முடிந்தது.

அந்த 2021ஆம் ஆண்டுக்குப் பிறகு நிகழ்ந்ததுதான் கவலைக்குரியது. மாமன்றத்தின் காலம் 2022 மார்ச்சில் முடிந்தது. வார்டு எல்லை, பிற்படுத்தப்பட்டோர் ஒதுக்கீடு ஆகியவை பற்றிய வழக்குகளால் அடுத்த தேர்தல் தள்ளிக்கொண்டே போயிற்று. 2026 ஜனவரியில் தேர்தல் நடக்கும் வரையில் நாட்டின் மிகச் செல்வம் வாய்ந்த மாநகராட்சி ஒரு நிருவாக அதிகாரியின் பொறுப்பில் இருந்தது. மகாராஷ்டிரத்தின் வேறு பல மாநகராட்சிகளிலும் மாவட்ட மன்றங்களிலும் இதே நிலைமை. மன்றமே இல்லையென்றால் மேலவைக்கு வாக்களிப்பவர் யார்? தொகுதியிலுள்ள மன்றங்களில் முக்கால் பங்கேனும் இயங்க வேண்டும், வாக்காளர்களில் முக்கால் பங்கினரேனும் பதவியில் இருக்க வேண்டும் என்பது தேர்தல் ஆணையம் பின்பற்றும் விதி. அவ்விதி நிறைவேறாததால், 2022இல் காலியான தானே, புனே முதலிய உள்ளாட்சித் தொகுதிகளின் இடங்கள் ஆண்டுக்கணக்கில் நிரப்பப்படவில்லை. அடியில் வேர் நீரற்றுப் போனால் உச்சிக் கிளை வாடுவது இயல்பு. குழாய்த் தண்ணீருக்கும் சாக்கடைக்கும் முறையிட வார்டில் ஆள் இல்லை என்று தாராவியில் குறைப்பட்டுக்கொண்டவர்கள், அதே காரணத்தால் மாநிலச் சட்டமன்றத்திலும் சில நாற்காலிகள் வெறுமையாய் இருந்ததை அறிந்திருக்க மாட்டார்கள்.

இப்போது வாக்கு எண்ணும் முறைக்கு வருவோம். இங்கே சற்று நிதானமாகச் செல்ல வேண்டும். பொருளாதாரம் படித்தவன் ஆகையால் எண்களைக் கண்டால் எனக்கும் நிற்கத் தோன்றுகிறது.

பேரவை உறுப்பினர்கள் மேலவைக்கு வாக்களிப்பதும், மாநிலங்களவைக்கு வாக்களிப்பதும் ஒரே முறையில்தான். விகிதாசாரப் பிரதிநிதித்துவம், ஒற்றை மாற்று வாக்கு என்று அதற்குப் பெயர். வாக்காளர் முத்திரை குத்துவதில்லை. வேட்பாளர்களின் பெயர்களுக்கு எதிரே 1, 2, 3 என்று தம் விருப்ப வரிசையை எழுதுகிறார். ஒருவருக்கு ஒரே வாக்குதான். ஆனால் அது தேவைக்கு மிஞ்சினாலோ வீணானாலோ அடுத்த விருப்பத்துக்கு மாறிச் செல்லும். ஒன்றுக்கு மேற்பட்ட இடங்கள் இருக்கும்போது ஒவ்வொரு சீட்டுக்கும் 100 என்று மதிப்பு வைப்பார்கள். மொத்த மதிப்பை, இடங்களின் எண்ணிக்கையோடு ஒன்று கூட்டி வரும் எண்ணால் வகுத்து, பின்னத்தை விட்டுவிட்டு, ஈவோடு ஒன்று சேர்த்தால் வெற்றிக்கு வேண்டிய அளவு கிடைக்கும்.

2022 ஜூன் 10ஆம் நாள் மகாராஷ்டிரத்திலிருந்து மாநிலங்களவைக்கு ஆறு இடங்களுக்கு நடந்த தேர்தலை எடுத்துக்கொள்ளுங்கள். வேட்பாளர்கள் ஏழு பேர். 285 பேர் வாக்களித்தனர். ஒரு வாக்கு செல்லாது என்று தள்ளப்பட்டது. எஞ்சிய 284 சீட்டுகளின் மதிப்பு 28,400. அதை ஏழால் வகுத்தால் 4,057. ஒன்று சேர்த்தால் 4,058. அதாவது 41 முதல் விருப்பு வாக்குகள் உள்ளவர் உடனே வென்றுவிடுவார். முதல் விருப்பு வாக்குகள் விழுந்த விதம் இது: 48, 48, 44, 43, 41, 33, 27. ஐவர் வென்றுவிட்டனர். ஆறாவது இடத்துக்கு 33 பெற்ற சஞ்சய் பவாரும், 27 பெற்ற தனஞ்சய் மஹாடிக்கும் எஞ்சினர். சாதாரணக் கணக்கில் 33 பெற்றவரே வென்றிருக்க வேண்டும். வென்றவரோ 27 பெற்றவர்.

மறுநாள் அலுவலகத்தில் இதை முறைகேடு என்றே பலர் பேசிக்கொண்டார்கள். காகிதமும் பென்சிலும் எடுத்துப் பார்த்தால் அப்படி இல்லை. 48 பெற்ற இருவருக்கும் தலா 4,800 மதிப்பு, தேவை 4,058, மிகுதி 742. இந்த மிகுதியை அவருடைய 48 சீட்டுகளுக்கும் பங்கிட்டால் சீட்டு ஒன்றுக்குப் பின்னம் நீங்கலாக 15 வருகிறது. இரண்டு பேருடைய 96 சீட்டுகளிலும் இரண்டாம் விருப்பம் மஹாடிக்குக்கே இருந்திருந்தால் அவருக்குச் சேருவது 1,440. அவருடைய 2,700உடன் கூட்டினால் 4,140, தேவையை எட்டிவிடுகிறது. மறுபக்கத்தைப் பாருங்கள். 44, 43, 41 பெற்றவர்களின் மிகுதி முறையே 342, 242, 42தான். சீட்டுக்கு 7, 5, 1 என்று அவை முழுவதும் பவாருக்கே மாறியிருந்தாலும் கிடைப்பது 564. அவருடைய 3,300உடன் சேர்த்து 3,864. தேவைக்கு ஏறத்தாழ 200 குறைவு. ஒரு தரப்பு தன் முன்னணி வேட்பாளர்களுக்கு வேண்டுமென்றே கூடுதலாக வாக்களித்து மிகுதியைக் கீழே இறக்கியது. மறுதரப்பு தன் வாக்குகளை நேரடியாகப் பிரித்துக் கொடுத்தது. மாற்றும் வாக்கின் சூட்சுமம் அறிந்தவர் பக்கம் வெற்றி சாய்ந்தது. இந்தக் கணக்கை நீங்களும் ஒருமுறை போட்டுப் பாருங்கள், தேர்வுக்கும் உதவும்.

அந்த ஒரு வாக்கு ஏன் தள்ளுபடி ஆயிற்று என்பதிலும் ஒரு செய்தி உண்டு. 2003ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு மாநிலங்களவைத் தேர்தலில் வாக்கு ரகசியமன்று. உறுப்பினர் தம் சீட்டைத் தம் கட்சியின் அங்கீகாரம் பெற்ற முகவருக்குக் காட்ட வேண்டும். வேறொருவர் கண்ணில் படுமாறு காட்டினால் அது செல்லாது. பணத்துக்கு வாக்கு மாறுவதைத் தடுக்க வந்த ஏற்பாடு இது. 2006இல் உச்ச நீதிமன்றம் இதை ஏற்றது. ஆனால் சட்ட மேலவைத் தேர்தலில் வாக்கு இன்றும் ரகசியமாகவே இருக்கிறது. மாநிலங்களவைத் தேர்தல் முடிந்த பத்தாம் நாள், அதாவது ஜூன் 20ஆம் நாள், இதே பேரவை உறுப்பினர்கள் மேலவைக்கு 10 பேரைத் தேர்ந்தெடுத்தனர். கட்சி எல்லைகளைத் தாண்டி வாக்குகள் விழுந்தன. அன்றிரவே ஆளும் கட்சியில் பிளவு தொடங்கிற்று. அம்மாத இறுதிக்குள் அமைச்சரவையே விலகியது. மேலவைக்கு அதிகாரம் குறைவு என்போர் அதன் தேர்தலுக்கு உள்ள வலிமையை மறந்துவிடுகின்றனர்.

விகிதாசார முறை ஏன் வேண்டும் என்பதற்குத் தென்னாப்பிரிக்க வரலாற்றைச் சொல்லாமல் மேலே செல்ல மனம் வரவில்லை. கேப் மாகாணத்தில் வெள்ளையரல்லாத கலப்பினத்தாருக்குப் பொதுப் பட்டியலில் இருந்த வாக்குரிமையைப் பறிக்க அந்நாட்டு அரசு முனைந்தது. அவ்வுரிமையை நீக்க இரு அவைகளின் கூட்டுக் கூட்டத்தில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு தேவை. அது அரசிடம் இல்லை. 1955இல் அரசு ஒரு சட்டம் இயற்றி மேலவையின் இடங்களை 48இலிருந்து 89ஆக உயர்த்தியது. அதோடு நிற்கவில்லை, விகிதாசார முறையை நீக்கி, மாகாணத்தில் பெரும்பான்மை பெற்ற கட்சியே அம்மாகாணத்தின் இடங்களைப் பெறுமாறு செய்தது. 89இல் 77 இடங்கள் ஆளுங்கட்சிக்குப் போயின. 1956இல் வாக்குரிமை பறிபோயிற்று. எண்ணும் முறையில் ஒரு விதியை மாற்றியதால் பல்லாயிரவர் பட்டியலிலிருந்து மறைந்தனர். அந்த மேலவை 1981 தொடக்கத்தில் ஒழிந்தது. நிறவெறி ஆட்சி அகன்ற பின் 1997 முதல் அந்நாட்டில் மாகாணங்களின் தேசிய மன்றம் செயல்படுகிறது. ஒன்பது மாகாணங்களுக்கும் தலா 10 பிரதிநிதிகள். மாகாணங்களைப் பற்றிய மசோதாக்களில் ஒரு மாகாணத்துக்கு ஒரு வாக்கு.

நியமன இடங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இலக்கியம், அறிவியல், கலை, கூட்டுறவு இயக்கம், சமூகத் தொண்டு ஆகிய துறைகளில் சிறப்பறிவோ அனுபவமோ உடையவர்களை ஆளுநர் நியமிக்கலாம். கூட்டுறவு இயக்கத்தை இப்பட்டியலில் சேர்த்தது மகாராஷ்டிரத்துக்கு மிகப் பொருந்தும். சென்னையில் 1952இல் ராஜாஜி இவ்வழியில் மேலவைக்கு வந்தே முதலமைச்சரானார். அது அன்றே விவாதத்துக்கு உள்ளாயிற்று. மகாராஷ்டிரத்தில் 2020 நவம்பரில் அமைச்சரவை பரிந்துரைத்த 12 பெயர்கள் முடிவு காணாமலே கிடந்தன. ஆட்சி மாறியது, பட்டியல் திரும்பப் பெறப்பட்டது, வழக்குகள் தொடர்ந்தன. 2024 அக்டோபரில்தான் ஏழு பேர் நியமனம் பெற்றனர். ஏறத்தாழ நான்காண்டுகள் கலைஞனும் கூட்டுறவாளனும் உட்கார வேண்டிய இடத்தில் எவரும் இல்லை.

அமைச்சரானவர் ஆறு மாதங்களுக்குள் ஏதேனும் ஓர் அவையில் உறுப்பினராக வேண்டும் என்ற விதிக்கும் மேலவையே கைகொடுக்கிறது. 1967இல் அறிஞர் அண்ணா நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தவர். முதலமைச்சரான பின் சென்னை மேலவைக்கு வந்தார். 2019 நவம்பர் 28இல் மகாராஷ்டிர முதலமைச்சராகப் பதவியேற்ற உத்தவ் தாக்கரே, கொரோனாவால் தேர்தல்கள் நின்றுபோன 2020 மே மாதத்தில், கெடு முடிவதற்குச் சில நாட்களே இருந்தபோது போட்டியின்றி மேலவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

இந்த அவையால் ஏதேனும் பயன் உண்டா என்ற கேள்வி எழும். சாதாரண மசோதாவை முதலில் மூன்று மாதமும், பேரவை மறுபடி நிறைவேற்றினால் மேலும் ஒரு மாதமும் மட்டுமே அது தாமதப்படுத்தலாம். நிதி மசோதாவை 14 நாட்கள். தடுக்கும் அதிகாரம் இல்லை. எனினும் வளர்ச்சிப் பணியில் ஈடுபட்டவர்கள் மறக்கக் கூடாத ஒரு பெயர் இந்த அவையோடு இணைந்திருக்கிறது. விட்டல் சகாராம் பாகே 1960 முதல் 1978 வரை இம்மேலவையின் தலைவர். வேலை கேட்பவனுக்கு வேலை தருவது அரசின் கடமை என்னும் கருத்தை அவர் வெறும் பேச்சாக விடவில்லை. 1969இல் சாங்லி மாவட்டத்து விசாப்பூர் பகுதியில் சோதித்துப் பார்க்கச் செய்தார். 1972-73ஆம் ஆண்டுகளின் கொடிய வறட்சி அதை மாநிலம் தழுவியதாக்கியது. 1977இல் வேலை உறுதிச் சட்டம் பிறந்து, 1979 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்தது. 2005இல் நாடாளுமன்றம் இயற்றிய ஊரக வேலை உறுதிச் சட்டத்துக்கு அதுவே முன்னோடி.

அதற்குப் பணம் எங்கிருந்து வந்தது என்பதை மும்பைவாசிகளாகிய நாம் அறிய வேண்டும். 1975இல் தொழில் வரிச் சட்டம் வந்தது. சம்பளக்காரரிடமும் தொழில் செய்வோரிடமும் பிடித்த அந்த வரியும், அதற்கு ஈடாக அரசு சேர்த்த தொகையும் கிராமத்துக் கூலிக்குப் போயின. உங்கள் தந்தையர் சம்பளச் சீட்டில் தொழில் வரி என்று ஒரு வரி இருக்கும். அதன் பிறப்புக் கதை இதுதான். நகரத்தார் கொடுத்து நாட்டுப்புறத்தார் உழைத்துப் பெறும் இந்த ஏற்பாட்டை ஒரு மேலவைத் தலைவர் விடாப்பிடியாக வற்புறுத்தினார். அடுத்த தேர்தலைப் பற்றிய அச்சம் சற்றுக் குறைந்த இருக்கையில் அமர்ந்ததால் அது இயன்றதா, அல்லது எங்கே அமர்ந்திருந்தாலும் அவர் அப்படித்தான் இருந்திருப்பாரா என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள். என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

மேலவை வேண்டாம் என்று தீர்மானித்தவர்களும் உண்டு. பேரவை சிறப்புப் பெரும்பான்மையுடன் தீர்மானம் நிறைவேற்றினால், நாடாளுமன்றம் சாதாரணச் சட்டத்தின் மூலம் மேலவையை ஏற்படுத்தலாம், நீக்கலாம். 169ஆம் பிரிவு கூறுவது இது. தமிழகத்தில் எம்.ஜி.ஆர். ஆட்சியில் 1986 நவம்பர் 1ஆம் நாளுடன் மேலவை மறைந்தது. மீண்டும் அமைக்க 2010இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியும், 2011இல் ஆட்சி மாறியதால் அது செயலுக்கு வரவில்லை. ஆப்பிரிக்காவில் செனகல் நாடு 2012இல் தன் மேலவையை ஒழித்தது. அதற்கு ஆகும் செலவை வெள்ள நிவாரணத்துக்குத் திருப்புவதாகக் காரணம் கூறப்பட்டது. மௌரித்தானியா 2017இல் மக்கள் வாக்கெடுப்பு நடத்தி நீக்கியது. ஏழை நாட்டில் இரண்டாவது அவை ஒரு செலவு என்னும் வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. ஆனால் இருக்கிற அவையின் இருக்கைகளை வெறுமையாகவும், பட்டியலைப் பாதியாகவும் வைத்துக்கொண்டு, அவை பயன்படவில்லை என்று தீர்ப்புக் கூறுவதும் முறையான தணிக்கை ஆகாது.

நேரமாகிவிட்டது. கேள்விகளுக்கு முன் ஒரு நடைமுறைச் செய்தி. மும்பைப் பட்டதாரிகள் தொகுதியில் 2024இல் தேர்ந்தெடுக்கப்பட்டவரின் காலம் 2030இல் முடிகிறது. தேர்தலுக்கு முந்தைய நவம்பர் 1ஆம் நாளைத் தகுதி நாளாகக் கொள்வது வழக்கம். அவ்வாறாயின் அது 2029 நவம்பர் 1. அன்றைக்கு மூன்றாண்டுகள் நிரம்பியிருக்க வேண்டும் என்பதால், 2026 நவம்பருக்கு முன் பட்டம் பெறுகிறவர்கள் அனைவரும் அத்தேர்தலில் வாக்காளராகலாம். இந்த அரங்கில் இறுதியாண்டில் இருப்போர் கணிசமான பேர். அறிவிப்பு அக்டோபரில் வரும். அப்போது விண்ணப்பிக்கத் தவறியவர்கள் வேட்புமனுவின் கடைசி நாள் வரையிலும் சேர்ந்துகொள்ள வழி உண்டு. ஒருவர் பலருடைய படிவங்களைக் கட்டாகக் கட்டிக்கொண்டு போனால் வாங்கமாட்டார்கள். சான்றொப்பம் இட்ட நகல் இரண்டு எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அசலையும் கையோடு கொண்டு செல்லுங்கள். தொண்ணூறடிச் சாலை நண்பர் முன்வரிசையில் இருக்கிறார். படிவத்தை அவர் ஏற்கனவே நிரப்பிப் பார்த்துவிட்டார். ஐயம் இருந்தால் முதலில் அவரைக் கேளுங்கள்.